மாங்கேணிக் காட்டுக்குப் போன ஞாயிறு

காட்டுக்குப் போவோமா என்று கேட்டது அவள்தான்.

அப்போது அவள் வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மிசினோடு படுத்திருந்தாள். செவ்வாய், வியாழன், சனி. விடியற்காலையில் கணவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார். மிசினில் நாலு மணித்தியாலம். வீட்டுக்கு வந்தால் மிச்சப் பொழுதெல்லாம் படுக்கை. அடுத்த நாள் கொஞ்சம் எழும்பி நடப்பாள். அதற்கடுத்த நாள் மறுபடியும் ஆஸ்பத்திரி. இரண்டு வருடம் இப்படியே போயிருந்தது.

நாங்கள் இருவரும் கல்லடியில் ஒரு சின்ன நூலகத்தில் பதினாறு வருடம் ஒன்றாக வேலை செய்தவர்கள். ஒரே மேசை, அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்ற பலகைக்குக் கீழே இருந்துகொண்டு உரத்துச் சிரிக்கிறவள் அவள். எந்த வாசகர் எந்தப் புத்தகத்தில் பக்கம் கிழித்தார் என்று அவளுக்குத் தெரியும். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரை, சமையல் குறிப்பொன்றைக் கிழித்துக்கொண்டு போனதற்காக, வாசலில் மறித்து வைத்து ஏசியிருக்கிறாள். நாற்பத்திநாலு வயதில் அவளுடைய கால்கள் வீங்கத் தொடங்கின. பிரஷர் பழுதாக்கிவிட்டது, இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகு என் மேசையின் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அவளைப் பார்க்கப் போயிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை எங்கயாலும் போவமாகா?" என்றாள்.

"எங்க?"

"காட்டுக்கு. மாங்கேணிக்கு உள்ளால புதுசாப் பார்க் ஒண்டு தொறந்திருக்காம். போன்ல பாத்தன். உசரமாக் கோபுரம் ஒண்டு கட்டி வச்சிருக்காங்க. மேல ஏறி நிண்டா காடு முழுக்கத் தெரியுதாம்."

"இந்த வெயிலுக்கயா? கச்சான் காத்து நெருப்பு மாதிரி அடிக்குது."

"மிசினடியில குளிருல விறைச்சே செத்துப் போனன். கொஞ்சம் வெயில் பட்டா ஒண்டும் ஆகாது."

கணவருக்கு விருப்பமில்லை. ஆனால் அவள் எதையும் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. அதனால் அவர் மறுக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஓட்டோக்காரர் ஒருவரை ஒழுங்கு செய்து தந்தார். மகள்தான் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு எல்லாம் சொல்லித் தந்தாள். அவளுக்கு இருபத்திமூன்று வயது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் காட்டினாள்.

"இதுதான் அன்ரி, நாள் முழுக்க. இதுக்கு மேல ஒரு மிடறும் குடுக்க வேணாம். அம்மா கெஞ்சுவா. நீங்க பாவம் பாத்திராதீங்க. பழம் ஒண்டும் குடுக்கப்படா. பழத்தில இருக்கிற உப்பு இரத்தத்தில ஏறினா நெஞ்சு நிண்டுரும்."

பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னர் தாயும் மகளும் கண்டிக்குப் போய்வந்திருந்தார்கள். மகள் தன் சிறுநீரகம் ஒன்றைத் தாய்க்குக் கொடுக்கிறேன் என்று பிடிவாதமாக நின்று, எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாள். கடைசியில் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். திரும்பி வந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாய் திறப்பது குறைந்துபோயிற்று.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். ஓட்டோக்காரர் காத்தான்குடியைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். பின் இருக்கையில் தலையணை ஒன்று போட்டு வைத்திருந்தார். "அக்கா, சாஞ்சி இருங்க. நான் மெதுவாத்தான் ஓட்டுவன். என்ட வாப்பாவும் இந்தச் சீட்டுலதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவரு" என்றார். வாப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை.

பாலத்தைக் கடக்கும்போது வாவி அசையாமல் கிடந்தது. நகரம், ஏறாவூர், செங்கலடி. வந்தாறுமூலையில் மகளின் பல்கலைக்கழக வாசலைத் தாண்டியபோது அவள் மற்றப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெயில் கண்ணில் படுகிறது என்று நினைத்தேன்.

ஓட்டமாவடிக்கு அங்கால் வீதியோரத்தில் பெண்கள் சிலர் பாலைப்பழம் வைத்துக்கொண்டு இருந்தார்கள். மஞ்சள் மஞ்சளாக, சின்னச் சின்னப் பழங்கள். அவள் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

"உனக்கு இது ஒண்ணா, தின்னப்படா" என்றேன்.

"எனக்குத் தெரியும்."

"உன்ட மகள் சொல்லித்தான் விட்டவ."

"அவ சொல்லுவா." அதற்குள் இறங்கிவிட்டாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். அது ஊசி குத்துகிற இடது கை. நரம்பு கயிறு மாதிரிப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே இரத்தம் இரைந்து ஓடுவது விரலுக்குத் தெரியும். நான் பயந்து விட்டுவிட்டேன். ஒரு பையோடு வந்து ஏறினாள்.

"எட்டுப் பழம்கா. எட்டே எட்டு. நீ எண்ணிக்கொள்ளு."

அவள் எண்ணவில்லை. நானும் எட்டுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். பாலைப்பழம் தின்றால் உதட்டில் பசை ஒட்டும். உதடுகள் ஒட்டிக்கொள்ள, அதை நாக்கால் பிரித்துப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். இரண்டு வருடத்தில் ஒரு சாப்பாட்டை அவள் அப்படிச் சாப்பிட்டு நான் காணவில்லை. பையைப் பறித்து வெளியே எறிந்திருக்க வேண்டும். நான் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பூங்கா வாசலில் மூன்று மொழியிலும் மரங்களின் பெயர்கள் எழுதிய பெரிய பலகை இருந்தது. நூலகத்துப் பழக்கத்தில் அவள் அதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். "வீரைக்கு 'றை' போட்டிருக்காங்க" என்றாள். வெயில் காரணமாகக் கூட்டமில்லை. ஒரு குடும்பம், இரண்டு இளம் சோடிகள், அவ்வளவுதான். காட்டுக்குள்ளே பலகை அடித்த நடைபாதை போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் முதிரை, பாலை, வீரை. பாதி மரங்கள் இலை உதிர்த்து நின்றன. கச்சான் காற்று மேலே அடிக்க, காய்ந்த இலைகள் பலகையில் உரசிக்கொண்டு ஓடின. மந்திகள் கிளையில் இருந்து எங்களைப் பார்த்தன, எங்களிடம் ஒன்றுமில்லை என்று கண்டு திரும்பிக்கொண்டன. ஓரிடத்தில் யானை லத்தி காய்ந்து கிடந்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அதுகள் இந்த வழியால்தான் தண்ணிக்குப் போகும் என்று காவலாளி சொன்னார்.

வற்றிப்போன ஆற்றுக்கு மேலே ஒரு தொங்கு பாலம். நடுவில் நின்றுகொண்டு அவள் வேண்டுமென்றே ஆட்டினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவள் சிரித்தாள். நூலகத்தில் சிரித்த அதே சிரிப்பு. அடுத்த நிமிடம் மூச்சு வாங்கி, பாலத்திலேயே குந்திவிட்டாள். போத்தலை நீட்டினேன். ஒரு மிடறு மட்டும் வாயில் வைத்து, விழுங்காமல் வெகுநேரம் வைத்திருந்து, பிறகு விழுங்கினாள்.

கோபுரத்தடிக்கு வந்தபோது நேரம் பத்தைத் தாண்டியிருந்தது. இரும்புப் படிகள். காவலாளி அவளுடைய முகத்தையும் கையையும் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க கீழ நிழலில இருங்களன். படி கனக்க இருக்கு" என்றார்.

"இவ்வளவு தூரம் நிழலில இருக்கவா வந்தன்?" என்று சொல்லிக்கொண்டே முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு தட்டிலும் நின்று, இருந்து, எழும்பித்தான் ஏறினாள். நான் பின்னால் போனேன், விழுந்தால் பிடிக்க. உச்சிக்குப் போக அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. மேலே எங்களைத் தவிர யாருமில்லை. ஒரு பக்கம் காடு, காய்ந்த பச்சையும் மண்ணிறமுமாய், முடிவு தெரியாமல் கிடந்தது. மற்றப் பக்கம் மரங்களுக்கு அங்கால் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அவள் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். காற்று அவளுடைய தலைமயிரைக் கலைத்தது. மயிர் எவ்வளவு குறைந்துபோயிருந்தது என்று அப்போதுதான் கண்டேன்.

"உனக்கு ஒண்டு சொல்லணும்" என்றாள். "ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு முதல்ல சொல்லு."

"சொல்லமாட்டன்."

"எங்கட வீட்டில ஆருக்கும்."

"சொல்லமாட்டன் எண்டு சொல்லிற்றன்தானேகா."

"மகள்ட கிட்னி எனக்குச் சரிவரும்."

எனக்கு விளங்கவில்லை. பொருந்தவில்லை என்றுதானே சொன்னார்கள் என்றேன்.

"எல்லாம் பொருந்திற்று. இரத்தம், மற்ற டெஸ்ட்டு, எல்லாம். டொக்டர் என்னைத் தனியக் கூப்பிட்டுக் கேட்டாரு, உங்களுக்குச் சம்மதமா எண்டு. நான் வேணாமெண்டு சொல்லிற்றன். வற்புறுத்தல்ல அவரு. மகளிட்ட, ஒப்பரேசன் செய்யிறதில்லை எண்டு மட்டும் சொன்னாரு. பொருந்தல்ல எண்டு சொன்னது நான்தான்."

"ஏன்கா? ஏன் அப்படிச் சொன்ன?"

"அவ வயித்தில இருக்கக்குள்ளதான் எனக்குப் பிரஷர் தொடங்கினது. எங்கட அம்மாக்கும் அப்படித்தான். இவளுக்கும் வராதெண்டு ஆர் சொல்லுவா? இப்ப எனக்கு ஒண்டத் தந்துபோட்டு, மறுகா பத்து வரிசத்தில அவ அந்த மிசினடியில படுத்தா? அப்ப அவளுக்கு ஆர் குடுப்பா? நான் இருக்கமாட்டன்."

"அவ தன்ட உடம்பு உதவாமப் போயிட்டுதெண்டு அழுறாகா. நீ காணல்லையா?"

"காணாமலா? ராவைக்குத் தலையணைக்குள்ள முகத்த வச்சிற்று அழுறா. அழட்டும். அழுது முடிப்பா. மிசினடியில கிடக்கிறதுக்கு அது எவ்வளவோ நல்லம்."

"வேற வழி ஒண்டும் இல்லையா?"

"வேற ஆரு தரப்போறா?"

அதற்குப் பிறகு நடந்ததை நான் இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. நடந்தது என்று சொல்வதற்கும் ஒன்றுமில்லை. நான் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான்.

என் இரத்தமும் அவள் இரத்தமும் ஒரே வகை. சில வருடங்களுக்கு முன் எங்கள் நூலக மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தபோது பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் கொடுத்தோம். அட்டையைப் பார்த்து, "நாம ஒரே சாதி இரத்தம்கா" என்று அவள் பகிடி பண்ணினாள். அவளுக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அந்த நினைவு வராத நாளில்லை. மற்றப் பரிசோதனைகள் பொருந்துமா பொருந்தாதா என்று தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை. எனக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், இருவரும் பள்ளிக்கூடம். கணவருக்கு நிரந்தர வேலையில்லை. கத்தி என்றால் பயம். இந்தக் காரணங்களை எனக்கு நானே எத்தனையோ தரம் அடுக்கிச் சொல்லியிருக்கிறேன். அவளிடம் ஒரு தரமும் சொன்னதில்லை. அவள் கேட்டிருந்தால்தானே சொல்லவேண்டும்.

அன்று அந்த உயரத்தில், காற்றில், அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை.

"பயப்பிடாதகா" என்றாள். "உன்னைக் கேக்கிறதுக்கு இஞ்ச கூட்டிக்கொண்டு வரல்ல. ஆருக்காவது சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்திச்சு. அதுக்குத்தான்."

என் உடம்பெல்லாம் ஒரு ஆறுதல் இறங்கியது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் தன் சாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. "சும்மா விசர்க்கதை கதையாத" என்று ஏதோ சொன்னேன். அவள் என் தோளில் தட்டினாள்.

இறங்கும்போது இரண்டாவது தட்டில் அவளுக்குக் கால் மடங்கிவிட்டது. நான் பிடித்தேன், தாங்கவில்லை. எங்களைத் தேடி வந்து கீழே நின்ற ஓட்டோக்காரர் கண்டு ஓடிவந்தார். "குறை நினைக்காதீங்க அக்கா" என்று சொல்லி, அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினார். மரநிழலில் இருத்தி, தன்னுடைய பெரிய தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். அவருக்குத் தெரியாது. அவள் வாங்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தாள். கழுத்தில் தண்ணீர் வழிந்தது. "போதும்கா, போதும்" என்று நான் சொன்னேன். போத்தலைப் பறிக்கக் கை நீட்டவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் என் மடியில் தலை வைத்து நித்திரையானாள். வாய் திறந்திருந்தது. மூச்சில் பாலைப்பழ வாசம் வந்தது.

செவ்வாய்க்கிழமை வரை அவளை வைத்திருக்க முடியவில்லை. திங்கள் காலையிலேயே மூச்சு முட்டி, அவசரமாகக் கொண்டு ஓடினார்கள். நுரையீரலில் நீர் தேங்கியிருந்ததாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கணவர் வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். பன்னிரண்டு வருடமாக என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற மனிதர்.

"நீங்க கூட இருந்துமா?" என்று மட்டும் கேட்டார்.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. தாயின் பையில் அந்தச் சின்னப் போத்தல் இருந்தது. அதில் முக்கால்வாசித் தண்ணீர் அப்படியே இருந்தது. அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்தத் தரம் அவள் பிழைத்தாள். ஆனால் பிறகு பழைய நடை வரவில்லை. மாரி தொடங்கியது. இருதயம் களைத்துவிட்டது என்றார்கள். நான் ஒவ்வொரு ஞாயிறும் போவேன். காட்டைப் பற்றியோ கோபுரத்தைப் பற்றியோ இருவரும் கதைக்கவில்லை. நூலகத்துக் கதைகள் கேட்பாள், பாதியில் கண்ணயர்வாள். ஒரு நாள் அந்த அதிபர் செத்துப்போனதைச் சொன்னேன். "கிழிச்ச பக்கத்தத் தராமலேயே போயிட்டாரா?" என்றாள். அதுதான் அவள் சொல்லி நான் கேட்ட கடைசிப் பகிடி. கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை, மிசினில் இருக்கும்போதே போய்விட்டாள். காலை பத்து மணி. நூலகத்துக்குத்தான் தகவல் வந்தது.

முப்பத்தோராம் நாள் சமையல் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அன்ரி, நான் ஒருக்கா முழு உடம்பையும் செக் பண்ணிப் பாக்கணும்."

"ஏன் மனே? என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யல்ல. அம்மாக்குச் சரிவராத கிட்னி எனக்கு மட்டும் எப்படிச் சரியா இருக்கும்? என்னமோ பிழை இருக்கு. எனக்குச் சொல்லாம விட்டுட்டாங்க."

"உன்ட உடம்பில ஒரு பிழையும் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தண்ணீர்க் குழாய் திறந்திருந்தது. அதை மூடினேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாயின் கண்கள்தான் அவளுக்கும். சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளை தன் உடம்பை நம்புவாள். ஆனால் தாய் தன்னை ஏமாற்றிச் செத்தாள் என்று அறிவாள். தன்னால்தான் செத்தாள் என்றும் நினைப்பாள். சொல்லாவிட்டால் இப்படியே. இது ஒரு பக்கம். மற்றப் பக்கம், அதைச் சொன்னால் அவள் அடுத்ததாக என்னைக் கேட்பாள்: அம்மா உங்களிட்டச் சொன்ன நேரம் நீங்க என்ன சொன்னீங்க அன்ரி?

"சும்மா சொன்னன் மனே" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு முற்றத்துக்குப் போனாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அவள் பரீட்சையை ஒரு வருடம் பிந்தி எழுதி, இப்போது நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். முழு உடம்பையும் பரிசோதித்தாளாம். ஒன்றும் இல்லை என்றார்களாம். அதை அவள் நம்பவில்லை. போன மாதம் நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தவர்களை, தனக்கு நோய் இருக்கு என்று சொல்லித் தானே அனுப்பிவிட்டாள். தகப்பன் என்னிடம் வந்து அழுதார். "நீங்க அவட அம்மா மாதிரி. நீங்களாவது கேட்டுப் பாருங்க தங்கச்சி" என்றார். காட்டுக்குப் போன நாளுக்குப் பிறகு அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டது அன்றுதான்.

அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்து நேரே அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் படியில் இருந்து ஏதோ பைல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பி, கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். வேலையைப் பற்றிக் கேட்டேன். மேலதிகாரி நல்லவர் என்றாள். என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள். மூத்தவன் பரீட்சைக்குப் படிக்கிறான் என்றேன். தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டதா என்று கேட்டாள். இல்லை, சரியாக இருக்கிறது என்றேன்.

இருட்டுவதற்கு முன்னர் எழும்பி வந்துவிட்டேன்.